வடக்குச் சுவர்

வல்லம்,
17 ஜூன் 2012

மரியே வாழ்க.

அன்புள்ள சவரி அக்காவுக்கு,

இங்கே நானும் அவரும் பாப்பாவும் நலம். பாப்பா நடக்கத் தொடங்கிவிட்டாள், கையில் அகப்படுவதையெல்லாம் வாயில் போடுகிறாள். உன் காது எப்படி இருக்கிறது? போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு உன்னோடு போனில் பேச முடியாமல் போனது எனக்கு இன்னும் பழகவில்லை. அத்தானிடம் சொல்லி அனுப்பினால், நான் சொன்னதில் பாதியை அவர் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார். அதனால் இனி கடிதம்தான்.

ஒரு சேதி. எங்கள் காலனிக் கோயிலில் என்னை மறைக்கல்வி டீச்சர் ஆக்கிவிட்டார்கள். கோயில் என்றதும் நம் ஊர்க் கோயிலை நினைத்துக்கொள்ளாதே. நெருக்கி உட்கார்ந்தால் அறுபது பேர். செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. பங்குச் சாமி மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்றதெல்லாம் கமிட்டித் தலைவர் ஜெபதாஸ் அண்ணன் கையில். என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

மொத்தம் பதினாலு பிள்ளைகள். முதல் நாள் செருப்போடு பீடம் வரை ஓடினார்கள். பெஞ்சுக்கு அடியில் எல்லாம் பபுள்கம். ஒருத்தன் தீர்த்தத் தொட்டியில் பேனாவைக் கழுவினான். மாதா சுரூபத்துக்குக் கீழே ஒரு நாய் குட்டி போட்டுப் படுத்திருந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெபம் எல்லாம் பிறகு, இது யார் வீடு என்பது முதலில் தெரியட்டும் என்று முடிவு செய்தேன். கோயிலைப் பதினாலு பங்காகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டேன். தீர்த்தத் தொட்டி ஒருத்திக்கு, மணிக்கயிறு ஒருத்தனுக்கு, இப்படி. சனிக்கிழமை காலையில் அவரவர் இடத்தை அவரவர் துடைக்க வேண்டும்.

கடைசியாக நின்றது இசக்கிசெல்வி. எட்டு வயது. நம் வேதப் பிள்ளை இல்லை. தென்காசிப் பக்கத்து இந்துக் குடும்பம், எங்கள் லைன் வீட்டில் மூன்று கதவு தள்ளி இருக்கிறார்கள். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், அம்மா பேச்சி, ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். கூட்டாளிகளோடு சேர்ந்து வருகிறாள். "டீச்சர், எனக்கும் ஒரு எடம் தருவீயளா?" என்று கேட்டாள். எல்லாம் கொடுத்து முடிந்திருந்தது. வடக்குச் சுவரைக் காட்டினேன். ஓடிப்போய் இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பதில் போடு.

உன் தங்கை,
ஜோஸ்லின்

—

வீரபாண்டியன்பட்டினம்,
2 ஜூலை 2012

அன்புத் தங்கை ஜோஸ்லினுக்கு அக்காவின் ஆசீர்.

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். காது அப்படியேதான். இடது காதில் மட்டும் கோயில் மணி பஞ்சுக்குள் அடிப்பது போலக் கேட்கிறது. தையல் மிஷின் சத்தம் கேட்காததால், கரண்ட் போனது தெரியாமல் மோட்டார் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறேன். கரண்ட் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போகிறது. அங்கேயும் அப்படியா, இல்லை கம்பெனிகள் இருப்பதால் விடுகிறானா?

பிள்ளைகளுக்கு இடம் பிரித்துக் கொடுத்தது நல்ல காரியம். ஒன்று மட்டும் சொல்கிறேன். நமக்கு வேதம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் எதற்கெடுத்தாலும் "ஆண்டவர் அடிப்பார்" என்பார். கோயிலில் எச்சில் துப்பினாய் என்று அவர் சொன்னதற்கு நீ ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. துப்பியது நீ இல்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளை அப்படிப் பயமுறுத்தாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பாப்பா வாயில் பட்டனைப் போடாமல் பார்த்துக்கொள்.

சவரியம்மாள்

—

வல்லம்,
29 ஜூலை 2012

அன்புள்ள அக்கா,

மூன்று பேரும் நலம். இங்கேயும் கரண்ட் போகிறது. கம்பெனிக்குள் மட்டும் பகல் மாதிரி வெளிச்சம்.

கோயிலைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பிள்ளைகள் குழாயில் கால் கழுவாமல் உள்ளே வருவதில்லை. பெரியவர்கள் யாராவது வாசலில் நின்று சத்தமாகப் பேசினால் இவர்கள் திரும்பிப் பார்க்கிற பார்வையில் அவர்களே அடங்கிவிடுகிறார்கள். பங்குச் சாமி பூசையில் என் பேரைச் சொல்லிப் பாராட்டினார். பெருமைக்காக எழுதவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

நீ சொன்னபடி நான் அதட்டுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் இசக்கிசெல்வி வந்து, "டீச்சர், என் செவத்துல ஒரு கோடு இருக்கு" என்றாள். ஜன்னலுக்குக் கீழே, பென்சிலால் இழுத்தது போல ஒரு முழ நீளம். யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டேன். ஆளாளுக்கு நான் இல்லை என்றார்கள். ஆண்டவர் வீட்டுச் சுவரில் கோடு போட்ட கையை ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று சொன்னேன். சுவர் யாருடையதோ அவர்கள்தான் அடுத்த வாரத்துக்குள் அழித்துவைக்க வேண்டும் என்றும் சொன்னேன். அடுத்த வாரம் கோடு இல்லை. சுவர் பளிச்சென்று இருந்தது. அவளுக்கு ஒரு ஜெபமாலை பரிசு கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துத்தான் வாங்கிக்கொண்டாள்.

கோயிலுக்கு அந்தப் பக்கம் நெல் விளைந்த நிலத்தைக் கம்பெனிக்கு எடுத்துவிட்டார்கள். பகல் முழுதும் டிப்பர் லாரி போகிறது. பாடம் சொல்லும்போது ஷீட்டு அதிர்கிறது. அவருக்கு ஓ.டி. இருப்பதால் வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுகிறார்.

மறுகடிதம் எழுது அக்கா.

ஜோஸ்லின்

—

வல்லம்,
20 ஆகஸ்டு 2012

அக்கா,

எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தை அத்தானிடம் காட்டாதே.

சனிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு பீடத்து அலமாரியைத் திறந்தேன். மெழுகுவர்த்தி குறைந்திருந்தது. போன மாதமும் குறைந்தது, எலி என்று நினைத்தேன். கதவைச் சாத்தத் திரும்பியபோது வடக்குச் சுவரில் ஒரு இடம் மட்டும் மினுங்கியது. கிட்டே போய் நகத்தால் சுரண்டினேன். மெழுகு. அதன்மேல் சுண்ணாம்பைத் தடவியிருந்தது. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. ஜன்னலின் கீழ் மூலையில் ஆரம்பித்துத் தரை வரைக்கும் போகிறது. ஒரு இடத்தில் என் சுண்டுவிரல் நுழைந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். வெளியே நின்ற லாரியின் மஞ்சள் நிறம் தெரிந்தது, அக்கா.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். கம்பெனிக்காரர்கள் காம்பவுண்டுக்காகச் சுவரை ஒட்டியே ஆள் உயரப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அஸ்திவாரக் கல் இரண்டு பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் அழுதாள். பிறகு, "நான் கோடு போடல டீச்சர். அழிக்க அழிக்கப் பெருசாவுது. அதான் மூடி வச்சேன்" என்றாள். ஏழு வாரமாக, சனிக்கிழமை தவறாமல். ஆண்டவர் பார்த்துவிடக் கூடாதே என்று.

ஜெபதாஸ் அண்ணனிடம் ஓடினேன். வந்து பார்த்தார். வெடிப்பைக் கையால் தடவிப் பார்த்தார். அவருடைய அப்பா சைக்கிளில் செங்கல் கட்டிக் கொண்டுவந்து கட்டிய கோயில். "இந்த எடத்துக்குப் பட்டா இல்லம்மா," என்றார். "ஆபீசருங்க வந்தா சீல் வெச்சுட்டுப் பூடுவாங்க. அப்பால கம்பெனிக்காரன் வளைச்சுப்பான். திருநா முடியட்டும், நானே பாத்துக்கறேன். நீ யாராண்டயும் வாயத் தொறக்காத." போகும்போது, உன் வூட்டுக்காரரு ரிச்சர்டு காண்ட்ராக்ட் டிசம்பரோடு முடியுது, தெரியுமில்ல என்று கேட்டார். மிரட்டுகிற குரலில் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே, அண்ணன் பார்த்துக்கொள்வார் என்றார்.

நான் என்ன செய்யட்டும்?

ஜோஸ்லின்

—

வீரபாண்டியன்பட்டினம்,
27 ஆகஸ்டு 2012

ஜோஸ்லின்,

சுகம் விசாரிக்க நேரமில்லை, தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

பிள்ளைகளை உள்ளே விடாதே. பெற்றவர்களிடம் காரணத்தைச் சொல். பங்குச் சாமிக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த ஞாயிறே சொல். அந்தப் பிள்ளையிடம், அது கோடு இல்லை வெடிப்பு, அவள்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டாயா?

மூன்று கேட்டிருக்கிறேன். மூன்றுக்கும் பதில் எழுது.

அக்கா

—

வல்லம்,
16 செப்டம்பர் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். அத்தானுக்கு மீன்பாடு எப்படி? நீ அனுப்பிய சாளைக் கருவாடு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வாசனை பிடிக்கவில்லை, ஆனால் சரோஜா அக்கா மட்டும் கேட்டு வாங்கிப் போனாள்.

மாதா திருவிழா நல்லபடி முடிந்தது. கொடியேற்றத்துக்கு மறைமலை நகரிலிருந்து பேண்டு வந்தது. தேர் காலனியைச் சுற்றி வரும்போது மழை தூறியது, யாரும் ஒதுங்கவில்லை. சுவரைப் பூசி வெளிர்நீல பெயிண்டு அடித்தாயிற்று. பார்க்க அழகாக இருக்கிறது.

வெயில் அதிகமாக இருப்பதால் வகுப்பை வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டேன்.

பாப்பா "பெரியம்மா" என்று சொல்லப் பழகுகிறாள். சரோஜா அக்காவைப் பார்த்துச் சொல்கிறாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜோஸ்லின்

—

வீரபாண்டியன்பட்டினம்,
5 அக்டோபர் 2012

ஜோஸ்லினுக்கு,

நாங்கள் நலம். கருவாடு பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய். நான் கேட்ட மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

எனக்குக் காதுதான் கேட்காது. நீ எழுதாமல் விட்டது கண்ணுக்குத் தெரிகிறது. செப்டம்பர் பாதியில் என்ன வெயில்? தேரன்று மழை தூறியது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பூச்சு மேல்தோல்தானடி. உள்ளே என்ன செய்தார்கள்?

எழுது. திட்டமாட்டேன்.

அக்கா

—

வீரபாண்டியன்பட்டினம்,
8 நவம்பர் 2012

ஜோஸ்லின்,

புயல் உங்கள் பக்கம் கரையேறியதாக டிவியில் காட்டினார்கள். ஒரு வாரம் ஆகிவிட்டது. அத்தானைப் போன் பண்ணச் சொன்னேன். மாப்பிள்ளை எடுத்து, எல்லாரும் நல்லா இருக்கோம் என்று வைத்துவிட்டாராம். நீ எங்கே என்று கேட்டதற்குத் தூங்குகிறாள் என்றாராம். பகல் பதினோரு மணிக்கு.

ஒரு வரி போதும். உன் கையெழுத்தில் வேண்டும்.

அக்கா

—

வல்லம்,
22 நவம்பர் 2012

மதிப்பிற்குரிய அண்ணியாருக்கு,

ரிச்சர்ட் வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தவறு இருந்தால் பொறுக்கவும்.

போன மாதம் 31-ஆம் தேதி மழையில் கோயில் வடக்குச் சுவர் இடிந்து விழுந்தது. பேச்சி மகள் இசக்கிசெல்வி உள்ளே இருந்தாள். வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நல்லபடி பார்த்து அனுப்பினார்கள், மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறாள். நடப்பாள் என்று டாக்டர் சொன்னார். வேறு யாருக்கும் அடி இல்லை.

பூட்டியிருந்த கோயிலுக்குள் பிள்ளை சொல்லாமல் நுழைந்ததாக எல்லாரும் சொல்கிறார்கள். மழையால் நடந்தது, யார்மேலும் தவறில்லை என்று கமிட்டியில் பேசி முடித்துவிட்டார்கள்.

ஜோஸ்லின் சரியாகச் சாப்பிடுவதில்லை. கடிதம் எழுத உட்காருகிறாள், எழுந்துவிடுகிறாள். இதைப் பற்றி அவளிடம் அதிகம் கேட்டு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரிச்சர்ட்

—

வல்லம்,
9 டிசம்பர் 2012

அக்கா,

உன் கடிதங்கள் எல்லாம் தலையணைக்குக் கீழே இருக்கின்றன. நீ கேட்ட மூன்றுக்கும் இப்போது பதில் எழுதுகிறேன். பெற்றவர்களிடம் சொல்லவில்லை. பங்குச் சாமியிடம் சொல்லவில்லை. பிள்ளையிடம் சொல்லவில்லை.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் வெடிப்புக்குள் சிமெண்டை அடைத்து மேலே பூசினார்கள். அவ்வளவுதான். திருவிழா அன்று கோயிலுக்குள் எழுபது பேர். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். பாப்பா அழுகிறாள் என்று சொன்னேன். அவள் அழவில்லை. சுவருக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பாட்டுக்கு நிறுத்தியிருந்தார்கள். முழுப் பூசையும் நான் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால், இனியும் ஆகாது என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, மழை பெய்கிறது, இந்த வாரம் கோயில் வேலை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். சுவர் ஆபத்து என்று சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையும் போயிருக்காது. நான் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அப்படித்தானே பழக்கியிருந்தேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் லீவு. மறுநாள் சகல புனிதர்கள் திருநாள். நனைந்து நனைந்து நீல பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்ததை இசக்கிசெல்வி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். திருநாளில் தன் சுவர் அப்படி இருக்கக் கூடாது என்று அம்மாவின் பழைய சேலைத் துணியோடு போயிருக்கிறாள். பக்கக் கதவின் தாழ்ப்பாள் தள்ளினால் திறக்கும். துணியை ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கும்போது சுவர் வெளிப்பக்கம் பள்ளத்துக்குள் சரிந்தது. மேலே ஷீட்டு இறங்கிவிட்டது. ஒரு பெஞ்சு அதைத் தாங்கிக்கொண்டதால் உயிர் பிழைத்தாள்.

முதல் ஷிப்டு பஸ் அப்போதுதான் வந்து நின்றது. இறங்கியவர்கள் அப்படியே யூனிபாரத்தோடு ஓடினார்கள். இவர்தான் ஷீட்டுக்கு அடியில் புகுந்து அவளைத் தூக்கிவந்தார். நான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். 

பிறகு பேச்சு ஆரம்பித்தது. யார் உள்ளே போகச் சொன்னது என்றார்கள். நம்ம பிள்ளைங்க எதுவும் போவலையே, இதுக்கு அங்க இன்னா வேலை என்றும் ஒருத்தி சொன்னாள். பேச்சி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

போன வாரம் பார்க்கப் போனேன். கதவைத் தாண்டி உள்ளே போகாமல் நின்றேன். பிள்ளை கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பாமல் படுத்திருந்தாள். சுவரைப் பார்த்தால் அலறுகிறாள், தூங்குவதில்லை என்று பேச்சி சொன்னாள். என்னைக் கண்டதும் பிள்ளை கேட்டது இதுதான்: "நான் மெழுகு வச்சு ஏமாத்துனதுக்குத்தான் சாமி செவத்தத் தள்ளி உட்டாரா டீச்சர்?"

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், அக்கா. பாப்பா தனியாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பதில் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். யாருக்குத் தெரியும், எப்போது தெரியும் என்று எல்லாம். இவருக்கு வேலை போகும். பேச்சி என்னை என்ன செய்வாள் என்று தெரியாது. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க அதை நம்பிக்கொண்டிருக்கும். இப்போதும் ஒரு லாரி போகிறது. பார், இந்த வரி கோணலாகப் போகிறது.

ஜோஸ்லின்

—

வீரபாண்டியன்பட்டினம்,
15 டிசம்பர் 2012

என் ஜோஸ்லினுக்கு,

திட்டமாட்டேன் என்று எழுதியிருந்தேன். திட்டவில்லை.

போய்ச் சொல். முதலில் பிள்ளையிடம், பிறகு மற்றவர்களிடம். பயம் போன பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அது போகாது, எனக்குத் தெரியும். நடுங்கிக்கொண்டே சொல்.

மாப்பிள்ளைக்கு வேலை போனால் மூன்று பேரும் இங்கே வாருங்கள். இரண்டு மிஷின் இருக்கிறது. அத்தானுக்கும் படகில் ஆள் தேவை. இதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்கா

—

மறைமலை நகர்,
6 ஜனவரி 2013

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

மேலே ஊர்ப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். மூன்று பேரும் உடம்புக்கு நலம். ஒரே அறைதான், தண்ணீர் வருகிறது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே போகவில்லை. நாலு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி, பேச்சிக்கு லீவு என்று தெரிந்து போனேன். அவள் அடுப்படியில் இருந்தாள். பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அம்மாவும் பிள்ளையும் கேட்கும்படி சொன்னேன். அது யாரும் போட்ட கோடு இல்லை, பள்ளம் வெட்டியதால் சுவர் விட்ட வெடிப்பு. நீ முதல் நாளே வந்து சரியாகச் சொன்னாய். நான்தான் கிறுக்கல் என்று சொல்லி உன்னைப் பயமுறுத்தினேன். ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. சாமி எதையும் தள்ளவில்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

 பேச்சி வந்து என் முன்னால் நின்றாள். கையில் கரண்டி. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது. "எம் பிள்ளைய ஊரே திருட்டுக் கழுதன்னு பேசுச்சு. நீங்க அங்கதானே நின்னீக" என்றாள். ஆமாம் என்றேன். இதை ஊருக்கு முன்னாலும் சொல்வீர்களா என்று கேட்டாள். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

கிறிஸ்மஸ் பூசை, சாமியானா போட்டு வேப்பமரத்தடியில் நடந்தது. அறிவிப்புகள் முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். பாப்பாவை இவர் வாங்கிக்கொண்டார். நாலைந்து வாக்கியத்துக்குமேல் வரவில்லை. நான் எப்போது பார்த்தேன், ஏன் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைமேல் பழியில்லை, அவ்வளவுதான். ஜெபதாஸ் அண்ணன் பேரை நான் எடுக்கவில்லை. அவரே எழுந்து, "எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.  பூசை முடிந்ததும் பெண்கள் என்னைப் பார்க்காமல் கடந்து போனார்கள். பிள்ளைகளில் நாலு பேர் மட்டும் என்னோடு நின்றார்கள். அப்புறம் அவர்களையும் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே பங்குச் சாமி ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினார். மற்ற மூன்று சுவரும் தாங்காது, முழுவதும் இறக்க வேண்டும் என்றார். பட்டாவுக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். கிடைக்குமா என்று தெரியாது. அண்ணன் பயந்தது பொய்யான பயம் இல்லை.

முப்பத்தொன்றாம் தேதியோடு இவர் காண்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அண்ணன் சொல்லி நிறுத்தினாரா, தானாக நின்றதா என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டு நாள் இவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீ சொன்ன அன்னிக்கே நான் கூட வந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் நாளை முதல் வேலைக்குப் போகிறார். உங்கள் ஊருக்கு வருவதை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறோம். அத்தான் கோபிக்க வேண்டாம்.

வீட்டைக் காலி செய்த அன்று காலையில் பேச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, போய்வருகிறேன் என்று சொல்லத்தான். பேச்சி கதவை விட்டு நகர்ந்தாள். உள்ளே போனேன். இசக்கிசெல்வி உட்கார்ந்திருந்தாள். 

"நீங்களும் பயந்தீயளா டீச்சர்?"

"ஆமாம்மா."

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."

"நான் மட்டுந்தான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, மாவுக்கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நகர்த்தி, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.  வெளியே லாரி போனது. அவள் விரலைப் பிடித்துக்கொண்டேனா, அவள் என் விரலைப் பிடித்தாளா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது பேச்சி முகத்தைத் திருப்பாமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பிள்ள ரெண்டு நாளாத் தூங்குது."

உன் காதைப் பற்றி எழுது. இனி நீ கேட்பது எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவேன்.

ஜோஸ்லின்